அரைப்பேர் நிரல்

வெள்ளவத்தையில், காலி வீதியின் கடற்பக்க ஓரத்தில், ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து ஏழு வாரம் வாகனம் எண்ணினேன். காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் மூன்று மணித்தியாலம். மடியில் ஒரு தாள். அதில் பஸ், லொறி, கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடப்பவர் என்று நிரல்கள். கார்கள் அதிகம் என்பதால் அவற்றுக்கு மட்டும் கையில் ஒரு கிளிக்கர். மற்றவற்றுக்குக் கோடு போடவேண்டும். நாலு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே.

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி அந்த இடத்தில் சில பழைய வீடுகளை வாங்கி இடித்துவிட்டு, ஒரு கடைத்தொகுதி கட்டிக்கொண்டிருந்தார். நிலத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடம். வீதியால் வரும் கார்கள் இடப்பக்கம் திரும்பி உள்ளே போகவேண்டும். அதே இடது ஓரத்தால்தான் சைக்கிள்களும் நேரே போகும். திரும்புகிற காரும் நேரே போகிற சைக்கிளும் மோதிக்கொள்ளாமல் வாசலை எப்படி அமைப்பது என்பதுதான் எங்கள் கம்பனிக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கம்பனி என்றால் ஒரு வீட்டின் மேல்மாடி, ஒரு இஞ்சினியர், பிளான் வரையும் ஒரு கணினி, நான்.

முதல் பிளானை அச்செடுத்து, அதில் இஞ்சினியர் பச்சைப் பென்சிலால் ஒரு கீற்றுப் போட்டிருந்தார். வாசலுக்குக் குறுக்கே, சைக்கிளுக்கு மட்டுமான, கொஞ்சம் உயர்த்திய ஒடுங்கிய பாதை. கார் அதன்மேல் ஏறி இறங்கித்தான் உள்ளே போகலாம். ஏறும்போது வேகம் தானாகவே குறையும். அந்தக் கீற்று மிஞ்சுமா என்பது என் தாள்களில்தான் இருக்கிறது என்று அவர் சிங்களத்தில் சொன்னார். சைக்கிள் போதுமான அளவு வருகிறதென்றால் கீற்று இருக்கும். இல்லையென்றால் வாசலை இன்னும் அகலமாக்கி அந்த இடத்தையும் கார்களுக்கே கொடுத்துவிடலாம்.

எனக்கு அந்த வேலை பெரிய விஷயமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். டிப்ளோமாச் சான்றிதழை அம்மா பொலித்தீன் உறையில் போட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்து அறைச் சுவரில் மாட்டியிருந்தார். நான் போடும் கோடு ஒரு கட்டடத்தின் வாசலைத் தீர்மானிக்கும் என்றால், ஒரு கோட்டைக்கூடத் தவறவிடக் கூடாது என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கும்போதும் தலையைச் சாய்க்காமல் வீதியைப் பார்த்தபடியே குடித்தேன்.

எண்ணுகிறவனால் கதைக்க முடியாது. கதைத்தால் கோடு தவறும். அப்படியே கதைக்க நினைத்தாலும் யாரோடு கதைப்பது என்று தெரியவில்லை. வெள்ளவத்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்தான். ஆனால் நான் வாயைத் திறந்து ஒரு பிளேன்டீ கேட்டாலே, "தம்பி மலைநாடோ?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு அடுத்த வசனம் வராது. அலுவலகத்தில் சிங்களம். இரவில் நான் போய்ப் படுக்கும் அறை கொட்டாஞ்சேனையில், ஒரு வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஒரே ஜன்னல், அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. கோயில் மணியும் சேர்ச் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். இரண்டுக்கும் ஆட்கள் போகும் செருப்புச் சத்தமும் கேட்கும். சில நாட்களில் காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் 'பஹினவா' என்று சொல்வதுதான் நான் சொல்லும் முதல் சொல். இறங்கப்போகிறேன் என்று அர்த்தம். பின்னேரம் திரும்பும் பஸ்ஸிலும் அதே சொல்லைத்தான் மறுபடியும் சொல்வேன். இடையில் ஒன்றும் இருக்காது.

அதனால் வீதியில் போகிறவர்களையே தெரிந்தவர்களாக வைத்துக்கொண்டேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. லொத்தர் சீட்டு விற்பவர், மீன்பெட்டிக்காரர், பாடசாலைச் சீருடையில் இரண்டு பிள்ளைகளை ஒரே சைக்கிளில் ஏற்றி வரும் ஒரு தகப்பன். எல்லாரிலும் எனக்கு மிகவும் தெரிந்தவர் இடியப்பக்காரர். ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வருவார். கரியரில் மூன்று தட்டுப் பெட்டிகள், மேலே வாழையிலை, அதற்கு மேலே ரப்பர் பட்டி. வீட்டில் மனைவி அவித்ததைப் பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் என் தாளில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நேராகப் போடுவேன்.

முதல் இரண்டு வாரம் சைக்கிள் நிரல் தாளின் கீழ்வரைக்கும் வந்தது. மூன்றாம் வாரம் அத்திவார வேலை தொடங்கியது. மண் லொறிகள் தகரவேலிக்குள் திரும்பத் தொடங்கின. லொறி திரும்பும்போது பின்சில்லு எங்கே வரும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. இடியப்பக்காரர் முதல்நாள் வேலிக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார். இரண்டாம் நாள் இறங்கினார். அந்த இருபது முப்பது அடியை உருட்டிக்கொண்டே கடந்துவிட்டு அப்பால் ஏறினார். அடுத்த நாட்களில் லொத்தர்காரரும் இறங்கினார். தகப்பன் முதலில் பிள்ளைகளை இறக்கினார், பிறகு தானும் இறங்கினார்.

எங்களுக்குத் தந்த அறிவுறுத்தல் தாளில் ஒரு வரி இருந்தது. சைக்கிளை உருட்டிச் செல்பவரை நடப்பவராகப் பதியவேண்டும். நான் அப்படியே பதிந்தேன். அந்த வாரம் முடிய என் சைக்கிள் நிரல் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. நடப்பவர் நிரல் வழிந்தது.

அதோடு ஒரு கேள்விப் படிவமும் இருந்தது. போகிறவர்களை மறித்துக் கேட்கவேண்டும். சைக்கிள் பாவிக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. ஆம் அல்லது இல்லை. நான் இடியப்பக்காரரைத்தான் முதலில் மறித்தேன். அத்தனை நாளில் நான் அவரோடு கதைக்கக் கிடைத்த முதல் சாட்டு அதுதான்.

"அண்ணே, இந்த எடத்தால சைக்கிள் ஓட்டுறீங்களா?"

"இதிலையோ?" அவர் வேலியைப் பார்த்தார். "இதிலை ஓடுறேல்லைத் தம்பி. ஆர் ஓடுவான் இதிலை?"

வடக்கு ஆட்கள் சைக்கிள் ஓடுவார்கள், மலைநாட்டு ஆட்கள் நாங்கள் ஓட்டுவோம். சொல் வேறாக இருந்தாலும் பதில் எனக்கு விளங்கியது. படிவத்தில் இருந்தது இரண்டே பெட்டி. சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு நேரே, சைக்கிள் பாவிப்பதில்லை என்று புள்ளடி போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவாப் போடும்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அறைக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா எப்போதும் முதலில் அன்றைய வேலையைத்தான் சொல்லுவார்.

"இன்னைக்கு அரைப்பேருதான் மகன். மழ. கொழுந்து கொறைஞ்சிருச்சு."

தோட்டத்தில் ஒருநாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அன்றைக்குத்தான் அது எனக்குப் புதிதாகக் கேட்டது. நான் அந்த மனிதருக்கு அரைப்பேர்கூடப் போடவில்லை என்று நினைத்தேன். காலையில் வந்தார், சைக்கிளோடு வந்தார், சைக்கிளோடு போனார். என் தாளில் அவர் யாரோ ஒரு நடப்பவர்.

அடுத்த நாள் சைக்கிள் நிரலுக்கும் நடப்பவர் நிரலுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு புது நிரல் கிழித்தேன். மேலே என்ன எழுதுவதென்று யோசித்தேன். இறங்கி உருட்டுவோர் என்று எழுத இடம் போதவில்லை. அரைப்பேர் என்று எழுதினேன். மிச்ச வாரங்களில் அந்த நிரல் நிரம்பிக்கொண்டே போனது.

எண்ணிக்கை முடிந்ததும் இஞ்சினியர் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் புறக்கோட்டைக் கடை மேல்மாடிக்குப் போனார். துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு மேசை. இஞ்சினியர் முதலில் ஆங்கிலத்தில் விளக்கினார். சைக்கிள் எண்ணிக்கை குறைந்துபோயிருக்கிறது என்றார். நான் தாளை நீட்டி, சேர், இந்த நிரலையும் பார்க்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

முதலாளி தாளை இழுத்துப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனை. "இது என்னா தம்பி, அரைப்பேர்?" என்று தமிழில் கேட்டார்.

நான் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்கு வரும் தோட்டத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று விசாரித்தார். எனக்கு மட்டும் தனியாக ஒரு தேத்தண்ணீர் சொன்னார். கொழும்புக்கு வந்த பிறகு நான் சொன்ன ஒரு சொல்லை ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உற்சாகமாகிவிட்டேன். எல்லாரும் எப்படி வேலிக்கு முன்னால் இறங்குகிறார்கள், எப்படி அப்பால் ஏறுகிறார்கள் என்று கையைக் காட்டி விளக்கினேன்.

அவர் அதே அன்போடு கேட்டார். "அப்ப எல்லாரும் எப்பிடியும் எறங்கித்தானே போறாங்க?"

"பயத்துல எறங்குறாங்க, முதலாளி."

"எதுலயோ எறங்குறாங்கல்ல. எறங்கிப் போங்கன்னு ஒரு போர்டப் போட்டுட்டா முடிஞ்சுது."

இஞ்சினியர் என்னைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார். வாசலை அகலமாக்கினால் வீதியில் கார்கள் தேங்காது என்று அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அறிக்கையும் எண்ணிக்கையும் அப்படித்தான் சொல்கின்றன. மேசையில் இருந்த அழிறப்பரை எடுத்துப் பச்சைக் கீற்றை அழித்தார். முழுதாக அழியவில்லை. பச்சைத் தூளை ஊதிவிட்டார்.

நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். என் நிரல்தான் அவர்களுக்கு அந்தப் போர்டை எடுத்துக்கொடுத்தது.

கட்டடம் எழும்பி முடியும்போது போர்டு எழுதும் வேலையும் வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இஞ்சினியர் எழுதிவிட்டார். சைக்கிளில் வருவோர் இறங்கி உருட்டிச் செல்லவும். "மல்லி, தமிழ் உன்னுடையது," என்று தாளை என் பக்கம் தள்ளினார். மல்லி என்றால் தம்பி. அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த வரியை ஐந்தாறு தடவை எழுதினேன். எழுதும்போதெல்லாம் ரப்பர் பட்டி போட்ட மூன்று தட்டுப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. அது வரைக்கும் அவராகவே இறங்கினார். இனி நான் இறங்கச் சொல்லப்போகிறேன். கடைசியில் வேறொன்றை எழுதிக் கொடுத்தேன்: வாகனங்கள் மெதுவாகத் திரும்பவும். சைக்கிளுக்கு வழி விடவும்.

யாரும் கவனிக்கவில்லை. கொழும்பில் போர்டுகளில் தமிழ் பிழையாக இருப்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். யாராவது கவனித்தாலும் இன்னொரு பிழை என்றுதான் நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். முதலாளி போர்டில் தன் கடைத்தொகுதியின் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம். திறப்புவிழாவுக்கு முதல்நாள் நான் தனியாகப் போய் எதிர்ப்பக்கத்தில் நின்று அந்தத் தமிழ் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

திறந்த பிறகும் இரண்டு வாரம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது ஒப்பந்தம். மடக்குக் கதிரையோடு திரும்பப் போனேன். முதல்நாளே இடியப்பக்காரர் இறங்காமல் மிதித்துக்கொண்டு வந்தார். வாசலைக் கடந்து, என் பக்கத்தில் காலை ஊன்றினார்.

"தமிழிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்தனீரோ? எங்களுக்கு வழி விடட்டாம்." அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "பிறகென்னத்துக்கு இறங்குவான்?"

அதை எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் போன பிறகு சைக்கிள் நிரலில் ஒரு கோடு போட்டேன். முழுப்பேர். எட்டு நாள் அப்படி.

ஒன்பதாம் நாள் ஒரு வான் வேகமாக இடப்பக்கம் திரும்பியது. அவர் வாசலுக்கு நேரே மிதித்துக்கொண்டிருந்தார். பிறேக் சத்தம் கேட்டது. வானின் பக்கம் கரியரில்தான் தட்டியது, அவரில் இல்லை. சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம். மூன்று தட்டும் திறந்து இடியப்பம் புது வாசலின் பளபளப்பான கல்லில் சிதறியது.

நான் ஓடிப்போனபோது அவர் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வான் சாரதி இறங்கி வந்து போர்டைக் காட்டிச் சிங்களத்தில் கத்தினான். இறங்கிப் போகச் சொல்லி எழுதியிருக்கிறதே, கண் தெரியாதா என்றான். அவரும் அதே போர்டைக் காட்டினார்.

"உனக்கல்லோ எழுதிக் கிடக்கு. வழி விடு எண்டு. வாசி."

இரண்டு பேரும் ஒரே போர்டைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. சாரதிக்குத் தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வழி விடச் சொல்லி நான் எழுதியது வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு. எழுதியிருந்ததோ சைக்கிளில் வருகிறவர் நம்பிக்கொள்ளும் மொழியில் மட்டும். அந்தக் காலைக்கு முன்னால் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. சொல்லும் இவனுக்கு, தமிழிலை என்ன கிடக்கெண்டு."

சாரதியும் என்னைப் பார்த்தான். நான் சிங்களத்தில், போர்டு வெரதி என்றேன். பிழை என்று அர்த்தம். வெள்ளவத்தையில் இருக்கிற எவருக்கும் அந்தச் சொல் தெரியும். இடியப்பக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பி, வெறும் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ரப்பர் பட்டி அறுந்துபோயிருந்தது. தட்டுகளை ஒரு கையால் பிடித்தபடி, நொண்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். நான் கொஞ்சத் தூரம் கூடப்போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அன்றே அலுவலகத்துக்குப் போய் இஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பில் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். தெரிந்தே எழுதினேன் என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, அந்த மனிதருக்குப் பலமாக அடிபட்டதா என்று. முழங்கால் உரசியது என்றேன். பிறகு நான் எழுதிய வரியைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நீ எழுதினதில் பிழை இல்லை," என்றார். "எழுதின இடந்தான் பிழை."

பழைய பிளானை எடுத்து விரித்தார். அழித்த கீற்றின் தடம் அதில் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. வாசலுக்குக் குறுக்கே அதே இடத்தில் மறுபடியும் கோடு போட்டார். வீதியால் திரும்புகிற சாரதியின் கண்ணுக்கு நேரே ஒரு புதுப் போர்டும் குறித்தார். பழைய போர்டுக்குப் பதிலாக, சைக்கிளுக்கு வழி விடச் சொல்லி மூன்று மொழியிலும் ஒரே வசனம். அதையும் என்னிடமே எழுதத் தந்தார். இந்தத் தடவை எழுதியதை ஒவ்வொரு சொல்லாகத் தனக்குச் சிங்களத்தில் சொல்லவைத்தார். அவர் என்னை நம்பாததும் நியாயந்தான்.

முதலாளி சம்மதித்தார். பிளானைப் பார்த்து அல்ல. கடை திறந்த கையோடு வாசலில் சாப்பாடு கொட்டுப்பட்டது அவருக்கு அபசகுனமாகப் பட்டது. வாசலை உயர்த்திக் கட்டினால் தோஷம் கழியுமா என்று யாரையோ கேட்டு, ஒரு நல்ல நாளில் வேலையைத் தொடக்கினார். என்னைக் கண்டபோது எந்தத் தோட்டம் என்று மறுபடியும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் ஒருநாள் எண்ணினேன். கார்கள் மேட்டில் தயங்கி ஏறி இறங்கின. லொத்தர்காரர் இறங்காமல் போனார். தகப்பன் இரண்டு பிள்ளைகளோடும் இறங்காமல் போனார். அரைப்பேர் நிரல் வெறுமையாக இருந்தது. ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரைக்கும் நான் தெற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த நாள் என் சொந்த நேரத்தில் போனேன். அன்றும் இல்லை.

பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துபோய் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டேன். இடியப்பம் இப்போது வேறொரு வீட்டிலிருந்து ஓட்டோவில் வருகிறது என்றார்கள். சைக்கிளில் கொண்டுவந்தவர் மனைவியின் ஆட்களோடு கொழும்புக்கு வடக்கே ஹெந்தளைப் பக்கம் போய்விட்டார் போல என்று ஒருவர் சொன்னார். போல என்றுதான் சொன்னார். முழங்காலாலா, வேறு காரணமா என்று அவருக்குத் தெரியவில்லை. இடியப்பக்காரரின் பெயர் என்ன என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார். ஏழு வாரமும் அதற்கு மேலும் அவரை எண்ணியிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை.

கடையில் இடியப்பமும் சொதியும் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வெள்ளவத்தைக்கே திரும்ப நடந்து, வாசலுக்குக் கொஞ்சம் தெற்கே பஸ் எடுத்தேன். வாசலைக் கடக்கும்போது போர்டு ஒரு கணம் தெரிந்தது. புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்கு வந்தேன்.

"பஹினவா," என்றேன். கொண்டக்டர் மணியை அடித்தார்.